பப்புவா நியூ கினியின் விடுதலைக் கால நாணயம்

பப்புவா நியூ கினியின் விடுதலைக் கால நாணயம் என்பது, 1975 ஏப்ரல் 19 அன்று, அந்நாடு ஆஸ்திரேலிய ஆட்சியிலிருந்து முழு விடுதலை பெறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கு முன்னர், அறிமுகப்படுத்தப்பட்ட கினா, டோயா ஆகிய பண அலகுகளைக் குறிக்கும். ஒரு கினா நூறு டோயாக்களுக்குச் சமம். இவ்விரு பெயர்களும் அத்தீவுகளில் நெடுங்காலமாகப் பணமாகவும் அணிகலனாகவும் பயன்பட்ட சிப்பிப் பொருட்களின் பெயர்கள் ஆகும். புதிய நாணயம் அதுவரை அங்கு செல்லுபடியான ஆஸ்திரேலிய டாலருக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பில் வெளியிடப்பட்டது. 1975 செப்டம்பர் 16 அன்று நாடு விடுதலை அடைந்தபோது இரு நாணயங்களும் அருகருகே புழங்கிக்கொண்டிருந்தன.

தமிழில் "நாணயம்" என்ற சொல் ஒரு நாட்டின் பண முறையையும் உலோகக் காசையும் ஒருங்கே குறிப்பதால், இக்கட்டுரையில் பண முறைக்கு நாணயம் என்றும், உலோகத் துண்டுக்குக் காசு என்றும், அச்சிட்ட பணத்துக்குத் தாள் என்றும் எழுதப்படுகிறது. மற்றொரு குழப்பத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். நாட்டின் பெயரிலுள்ள "கினி" என்பதற்கும் "கினா" என்பதற்கும் தொடர்பு இல்லை. 1545இல் இத்தீவின் கரையை அடைந்த எசுப்பானிய மாலுமி இனிகோ ஓர்டிஸ் டி ரெட்டெஸ், அங்குள்ள மக்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரை மக்களைப் போல் தோன்றியதால் அதனை நியூ கினி என அழைத்தார். இங்கிலாந்தில் முன்பு வழங்கிய "கினி" என்னும் பொற்காசும் அதே ஆப்பிரிக்கக் கரையின் பெயரால் வந்ததுதான். ஆகவே நாட்டின் பெயர் ஓர் ஐரோப்பியக் காசின் பெயருடன் உறவுடையது. அந்நாட்டின் பணத்தின் பெயரோ முற்றிலும் உள்ளூர்ச் சொல்.

அரசியல் பின்னணி

நியூ கினித் தீவின் கிழக்குப் பாதி 1884இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. தென்பகுதியான பப்புவாவைப் பிரித்தானியாவும், வடபகுதியையும் அதனைச் சார்ந்த தீவுகளையும் செருமனியும் எடுத்துக்கொண்டன. பப்புவாவின் ஆட்சி 1906இல் ஆஸ்திரேலியாவிடம் வந்தது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டிலேயே செருமானியப் பகுதியையும் ஆஸ்திரேலியப் படைகள் கைப்பற்றின. அது பின்னர் உலக நாடுகள் சங்கத்தின் பொறுப்பாட்சிப் பகுதியாகவும், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஐக்கிய நாடுகள் அவையின் பொறுப்பாட்சிப் பகுதியாகவும் ஆஸ்திரேலியாவால் ஆளப்பட்டது. 1949இல் இரு பகுதிகளின் நிருவாகமும் ஒன்றாக்கப்பட்டது. எனினும் சட்டப்படி அவற்றின் தகுதி வேறுவேறாகவே இருந்தது. 1973 டிசம்பர் 1 அன்று உள்நாட்டுத் தன்னாட்சி கிடைத்தது. மைக்கேல் சோமாரே தலைமை அமைச்சராகவும், ஜூலியஸ் சான் நிதி அமைச்சராகவும் பொறுப்பில் இருந்தனர்.

இந்த இரட்டைப் பிறப்பை நினைவில் வைத்துக்கொண்டால்தான் நாணயத்தின் பெயர் விளங்கும். எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் இந்நாட்டில், விடுதலைக்கு முந்தைய மாதங்களில் "ஒரே நாடு" என்பது உறுதியான செய்தியாக இருக்கவில்லை. 1975 மார்ச் 16 அன்று பப்புவா பெசேனா இயக்கத்தின் தலைவர் ஜோசபின் அபாயிஜா பப்புவாவைத் தனிநாடாக அறிவித்தார். அது அடையாள அறிவிப்பாகவே நின்றது. ஆனால் செப்டம்பர் 1 அன்று, அதாவது விடுதலைக்குச் சரியாகப் பதினைந்து நாட்களுக்கு முன்னர், பூகன்வில் தீவினர் "வட சாலமன் குடியரசு" என்ற பெயரில் பிரிந்துசெல்வதாக அறிவித்தனர். நாட்டின் மிகப் பெரிய வருவாய் மூலமான பங்குனா செப்புச் சுரங்கம் அந்தத் தீவில்தான் இருந்தது. புதிய காசுகள் மக்கள் கையில் ஏறியது இவ்விரு அறிவிப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆகும்.

சிப்பிப் பணம்

காசு வருவதற்கு முன்பு இத்தீவுகளில் பணமே இல்லை என்று எண்ணுவது தவறு. பல வகைப் பணங்கள் இருந்தன, ஆனால் அவை எல்லாவற்றையும் வாங்கும் பொதுப்பணமாக இருக்கவில்லை. ஒவ்வொரு வகைச் சிப்பிக்கும் அதற்குரிய இடமும் சடங்கும் இருந்தன.

நியூ பிரிட்டன் தீவின் கசெல் தீபகற்பத்தில் வாழும் டோலாய் மக்களின் தாபு இவற்றுள் பணத்துக்கு மிக நெருங்கியது எனலாம். சிறு நத்தைச் சிப்பிகளின் முதுகை உடைத்து, பிரம்பு நாரில் கோத்து, கை விரித்த நீளத்தால் அதை அளப்பர். அந்த அளவுக்குப் போகோனோ என்று பெயர். சந்தையில் கிழங்கு வாங்குவதற்குச் சில சிப்பிகள் போதும். மணமகள் பரிசத்துக்குப் பல போகோனோ வேண்டும். செல்வர்கள் நூற்றுக்கணக்கான போகோனோக்களைச் சக்கரம் போன்ற பெரிய வளையங்களாகச் சுருட்டிச் சேமித்து வைப்பர். அவர் இறந்தபின் அந்த வளையங்கள் வெட்டப்பட்டு, வந்தவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். சேமிப்பு முழுவதும் ஒரு சாவுச் சடங்கில் கரைந்து மீண்டும் புழக்கத்துக்கு வரும் இந்த ஏற்பாடு பொருளியல் மாணவர்களின் கவனத்துக்கு உரியது. செருமானிய ஆட்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர்களுடனான வணிகத்தில் தாபுவைத் தடைசெய்தது. கொப்பரைத் தேங்காயைச் சிப்பிக்கு வாங்க வேண்டியிருந்தது வணிகர்களுக்கு இடையூறாக இருந்ததே காரணம். தடைக்குப் பின்னும் டோலாய் மக்களிடையே தாபு அழியவில்லை, இன்றும் வழங்கி வருகிறது.

மேட்டுநிலப் பகுதியில் நடந்தது வேறு கதை. அங்கு உயர்வாக மதிக்கப்பட்டது, பொன்னிற விளிம்புடைய முத்துச் சிப்பியைப் பிறை வடிவில் அறுத்துச் செய்த மார்பணி. கடலையே கண்டிராத மக்களிடம் இது கைமாறிக் கைமாறிப் பல தலைமுறைகளாக வந்து சேர்ந்ததால், அரிதாகவும் விலைமதிப்பற்றதாகவும் இருந்தது. ஹேகன் மலைப்பகுதியின் மெல்ப்பா மக்கள் அதனைப் பிசின் பலகையில் பதித்து, செங்காவி பூசி, "மோக்கா" எனப்படும் பெரும் கொடைவிழாக்களில் பன்றிகளுடன் சேர்த்து வழங்கினர். கொடுத்தவருக்குப் புகழும், பெற்றவருக்குத் திருப்பிக் கொடுக்கும் கடனும் அதனால் உண்டாயின.

1930களில் பொன் தேடி மேட்டுநிலத்துக்குள் நுழைந்த மைக்கேல் லேஹியும் அவருடைய சகோதரர்களும், கூலிக்கும் உணவுக்கும் ஈடாக மக்கள் சிப்பியையே விரும்புவதைக் கண்டனர். உடனே வானூர்தியில் சிப்பிகள் கொண்டுவரப்பட்டன. பின்னர் அரசும் மதப்பணி அமைப்புகளும் அவ்வாறே செய்தன. பல தலைமுறைகளில் சில சில்லாக வந்த பொருள் சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கில் வந்திறங்கியது. இதன் விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. முன்பு பெருந்தலைவர்கள் மட்டும் வைத்திருந்த சிப்பி எளியவர் கைக்கும் வந்தது, அதன் மதிப்பும் வீழ்ந்தது. பண வீக்கம் என்பது தாள் அச்சிடும் நாடுகளுக்கு மட்டும் உரிய நோய் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1970களின் நடுப்பகுதியில் மோக்காவில் சிப்பியின் இடத்தை ஆஸ்திரேலியப் பணமே பெருமளவு பிடித்துவிட்டிருந்தது. ஆக, கினா என்ற பெயர் அரசு நாணயத்துக்குச் சூட்டப்பட்ட அதே ஆண்டுகளில், கினா என்ற சிப்பி தன் பழைய வேலையை இழந்துகொண்டிருந்தது.

குடியேற்றக் காலக் காசுகள்

செருமானிய நியூ கினி நிறுவனம் 1894இல் தனக்கெனக் காசுகளை வெளியிட்டது. பெனிக்கு, மார்க்கு அலகுகளில் அமைந்த இவற்றில் 10 பெனிக்குக் காசிலும் வெள்ளி, பொற்காசுகளிலும் சொர்க்கப் பறவையின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. அதன் அழகு காரணமாகக் காசு சேகரிப்போரிடம் இவை மிகவும் விரும்பப்படுகின்றன. 1914இல் ஆஸ்திரேலியர் வந்தபின் செருமானிய மார்க்கு உடனே மறையவில்லை. பிடித்த ஊரில் பிடிபட்ட நாட்டின் அலகிலேயே, மார்க்கு மதிப்பில், ஆஸ்திரேலியப் படை நிருவாகம் கருவூலத் தாள்களை அச்சிட்டு வெளியிட்டது.

அதன்பின் பப்புவாவில் ஆஸ்திரேலியக் காசுகளே வழங்கின. நியூ கினிப் பகுதிக்கு மட்டும் தனிக் காசுகள் மெல்போர்ன் அக்கசாலையில் அடிக்கப்பட்டன. 1929இல் செம்பு-நிக்கல் கலவையில் வந்த அரைப் பென்னியும் பென்னியும் புழக்கத்தில் நிலைக்கவில்லை. 1935இல் மூன்று பென்னி, ஆறு பென்னி, வெள்ளி ஷில்லிங் ஆகியவை வெளிவந்தன. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் துளை உண்டு. சட்டைப்பை இல்லாத உடையணிந்த மக்கள் காசுகளைக் கயிற்றில் கோத்து எடுத்துச்செல்ல இது வசதி. சிப்பியைக் கோத்துப் பழகிய கைகளுக்கு அது புதுமையாகவும் இருந்திருக்காது.

துளையினால் விளைந்த ஒரு வேடிக்கையையும் குறிப்பிடலாம். நடுவில் துளையுள்ள காசில் மன்னரின் முகத்தைப் பொறிக்க இயலாது. பெயரும் முடியும் மட்டுமே இடம்பெறும். மன்னர் எட்டாம் எட்வர்ட் 1936இல் பதவியேற்று அதே ஆண்டு டிசம்பரில் முடிதுறந்தார். பிரித்தானியாவில் அவர் முகம் பதித்த காசுகள் பொதுப் புழக்கத்துக்கு வரும் முன்பே காலம் முடிந்துவிட்டது. ஆனால் முகம் தேவைப்படாத துளைக் காசுகள் அதற்குள் அடிக்கப்பட்டுவிட்டன. எனவே அம்மன்னரின் பெயர் தாங்கிப் புழங்கிய காசுகளை நியூ கினி, பிஜி, பிரித்தானிய கிழக்கு ஆப்பிரிக்கா, பிரித்தானிய மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய தொலைவிடங்களில்தான் காண முடியும். நியூ கினியின் 1936ஆம் ஆண்டு வெண்கலப் பென்னி அவற்றுள் ஒன்று.

1942இல் சப்பானியப் படைகள் ரபவுலைக் கைப்பற்றியபின், சப்பானிய அரசின் பெயரில் ஷில்லிங், பவுண்டு அலகுகளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள்கள் இப்பகுதிக்கென வெளியிடப்பட்டன. போர் முடிந்ததும் அவை வெற்றுத்தாள் ஆயின. 1914 முதல் 1945 வரையிலான முப்பது ஆண்டுகளில் வாழ்ந்த ஒரு ரபவுல் நகரத்தார் செருமானிய மார்க்கையும், ஆஸ்திரேலியப் படையின் மார்க்குத் தாளையும், ஆஸ்திரேலியப் பவுண்டையும், துளைக் காசையும், சப்பானிய ஷில்லிங்கையும் கையாண்டிருக்க வாய்ப்புண்டு. இவையெல்லாம் வந்துபோன காலம் முழுவதும் மதிப்போடு இருந்தது வீட்டில் சுருட்டி வைத்த தாபு மட்டுமே. போருக்குப் பின் ஆஸ்திரேலியப் பவுண்டும், 1966 பிப்ரவரி 14 முதல் ஆஸ்திரேலிய டாலரும் இரு பகுதிகளிலும் பொதுவாக வழங்கின.

தனி நாணயம் எதற்கு?

விடுதலை பெறும் ஒரு சிறு நாட்டுக்கு மூன்று வழிகள் உள்ளன. முன்னாள் ஆட்சியாளரின் பணத்தையே தொடர்ந்து பயன்படுத்துவது முதல் வழி. தன் பெயரில் பணம் வெளியிட்டு, அதில் ஒவ்வொரு அலகுக்கும் ஈடாக அதே அளவு வெளிநாட்டுப் பணத்தைக் கையிருப்பில் பூட்டி வைப்பது இரண்டாவது வழி. நாணய வாரிய முறை என்பது இதுவே. மைய வங்கி அமைத்து, மதிப்பையும் வட்டியையும் கடனையும் தானே நிருவகிப்பது மூன்றாவது.

முதல் வழி எளிது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கிராமத்தில் ஒருவர் பானைக்குள் போட்டு வைத்திருக்கும் இருபது சென்ட் ஆஸ்திரேலியக் காசை எடுத்துக்கொள்வோம். அதைப் பெற அவர் இருபது சென்ட் மதிப்புள்ள காப்பிக்கொட்டையைக் கொடுத்திருப்பார். அந்தக் காசை அடிக்க ஆன செலவு முகமதிப்பை விடக் குறைவு. காசு பானையில் இருக்கும் வரை, அந்தக் கிராமத்தவர் ஆஸ்திரேலிய அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார் என்பதே பொருள். நாடு முழுவதும் உள்ள பானைகளையும் பைகளையும் கூட்டிப் பார்த்தால் அது சிறு தொகை அன்று. தன் காசைத் தானே வெளியிடும் அரசுக்கு இந்த ஆதாயம் கிடைக்கும். வட்டி விகிதத்தையும் நாணய மதிப்பையும் கான்பெராவில் ஆஸ்திரேலியப் பொருளாதாரத்தின் தேவைக்கேற்ப முடிவுசெய்வார்கள் என்பது அடுத்த குறை. காப்பி, கொக்கோ, கொப்பரை, செம்பு ஏற்றுமதி செய்யும் நாட்டின் நல்ல காலமும் கெட்ட காலமும் ஆஸ்திரேலியாவின் காலங்களோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை.

மறுபுறம் அச்சமும் இருந்தது. அரசின் செலவில் பெரும்பகுதி அப்போது ஆஸ்திரேலிய உதவித் தொகையிலிருந்து வந்தது. கையில் அச்சுப்பொறி கிடைத்ததும் வரவுக்கு மீறித் தாள் அடித்துச் சீரழிந்த புதிய நாடுகளின் முன்மாதிரிகள் கண்முன் இருந்தன. சிப்பியில் நேர்ந்த வீழ்ச்சி மேட்டுநில மக்களின் நினைவிலும் இருந்தது.

பப்புவா நியூ கினி மூன்றாவது வழியைத் தேர்ந்தது, ஆனால் எச்சரிக்கையோடு. பப்புவா நியூ கினி வங்கி 1973 நவம்பர் 1 அன்று மைய வங்கியாகத் தொடங்கப்பட்டது. டோலாய் இனத்தைச் சேர்ந்த ஹென்றி டோரோபர்ட் அதன் முதல் ஆளுநர். அவர் 1993 வரை அப்பொறுப்பில் இருந்தார். வங்கி தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்தே நாணயம் வெளியிடப்பட்டது.

பெயர்த் தேர்வு

குடியேற்ற நாடுகளாக இருந்தவற்றுள் பல, "டாலர்" என்ற சொல்லுக்கு முன்னால் தம் பெயரைச் சேர்த்துக்கொண்டு நின்றுவிட்டன. இங்கு அவ்வாறு செய்யப்படவில்லை.

கினா என்பது டோலாய் மக்களின் குவானுவா மொழிச் சொல். டோக் பிசின் என்னும் பொதுமொழி வழியாக அது பரவி, மேட்டுநிலத்தின் பிறை வடிவ முத்துச் சிப்பிக்கு நாடறிந்த பெயர் ஆயிற்று. டோயா என்பது தென்கரையில், தலைநகர் போர்ட் மோர்ஸ்பியைச் சுற்றி வாழும் மோட்டு மக்களின் சொல். கூம்புச் சிப்பியைக் குறுக்கே அறுத்துச் செய்த கைவளையை அது குறிக்கும். மோட்டு ஆடவர்கள் ஆண்டுதோறும் "ஹிரி" எனப்படும் கடற்பயணத்தில், பல மரக்கலங்களைப் பிணைத்த லக்கத்தோய்க் கலங்களில் பப்புவா வளைகுடாவுக்குச் சென்றனர். தாங்கள் கொண்டுசென்ற மட்பானைகளுக்குச் சவ்வரிசி மாவையும், டோயா வளைகளுக்குக் கலம் குடையும் பெருமரங்களையும் பெற்றுத் திரும்பினர். மணப்பரிசத்திலும் டோயாவுக்கு இடம் உண்டு.

ஆகப் பெரிய அலகின் பெயர் முன்னாள் நியூ கினிப் பகுதியிலிருந்தும், சிறிய அலகின் பெயர் பப்புவாவிலிருந்தும் எடுக்கப்பட்டன. இரு பகுதிகளும் ஒன்றாக இருக்குமா என்பதே கேள்வியாக இருந்த ஆண்டில், ஒரு கினாவை மாற்றினால் நூறு டோயா கிடைக்கும் என்ற கணக்கு இரண்டையும் ஒரே பையில் சேர்த்தது. பப்புவாவுக்குச் சிறிய அலகுதானா என்று குறைகூற இடமுண்டு என்றாலும், நாடெங்கும் அறிந்த சொல் என்ற வகையில் கினாவுக்குப் போட்டியாக வேறு சொல் எளிதில் கிடைத்திருக்காது.

காசுகளும் தாள்களும்

1975இல் 1, 2, 5, 10, 20 டோயாக் காசுகளும் 1 கினாக் காசும் வெளியிடப்பட்டன. முதல் இரண்டும் வெண்கலம். ஏனையவை செம்பு-நிக்கல் கலவை. டோயாக் காசுகளின் ஒரு புறத்தில் நாட்டின் சின்னம் உள்ளது. ஈட்டியின் மீதும் குண்டு என்னும் முரசின் மீதும் அமர்ந்த சொர்க்கப் பறவையே அச்சின்னம். 1894இல் செருமானியர் பொறித்த அதே பறவை, இம்முறை நாட்டு மக்களின் சொந்தச் சின்னமாகத் திரும்பி வந்தது. மறுபுறத்தில் நாட்டின் உயிரினங்கள் இடம்பெற்றன. 1 டோயாவில் வண்ணத்துப்பூச்சி, 2 டோயாவில் விசிறி போன்ற துடுப்புகளையுடைய நஞ்சுமீன், 5 டோயாவில் ஆமை, 10 டோயாவில் கஸ்கஸ் என்னும் பைம்மா விலங்கு, 20 டோயாவில் பறக்கவியலாத பெரும்பறவையான கசோவரி.

1 கினாக் காசு தனித்தன்மை வாய்ந்தது. ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் விட்டமுடைய அதன் நடுவில் துளை உள்ளது. துளையின் இருபுறமும் இரண்டு முதலைகள் காணப்படுகின்றன. 1935ஆம் ஆண்டுத் துளைக் காசுகளையும், அவற்றுக்கும் முந்தைய கோத்த சிப்பிகளையும் அது ஒருசேர நினைவூட்டுகிறது. எழுத்தறியாதவரும் பார்வையற்றவரும் தடவிப் பார்த்த அளவிலேயே அதை அடையாளம் காணலாம் என்பது நடைமுறைப் பயன்.

எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது இக்காசுகளில் இல்லாத ஒன்று. பப்புவா நியூ கினி விடுதலைக்குப் பின்னும் இரண்டாம் எலிசபெத்தையே தன் அரசியாகவும் நாட்டுத் தலைவராகவும் ஏற்றது. ஆயினும் புழக்கக் காசுகளில் அரசியின் முகம் இடம்பெறவில்லை. விடுதலைக்கு முன்பே, இன்னும் ஆஸ்திரேலிய ஆட்சி நீடித்த ஏப்ரல் மாதத்திலேயே இவை வெளிவந்தன என்பதும் குறிப்பிடத்தக்கது.

தாள்களாக 2, 5, 10 கினா வெளியிடப்பட்டன. 1 கினாவுக்குத் தாள் கிடையாது. தாள்களின் பின்புறத்தில் கல் கோடாரி, முகமூடி, சிப்பி அணிகள் போன்ற பல பகுதிகளின் பரம்பரைப் பொருட்கள் அச்சிடப்பட்டன. தலைவர் எவர் முகத்தையும் முதல் வரிசைத் தாள்களில் காண முடியாது. முகங்களைத் தவிர்த்தது, எந்த இனத்தவர் முகம் என்ற கேள்வி எழாமல் காத்தது. சோமாரேயின் உருவம் 1989இல் வந்த 50 கினாத் தாளில்தான் இடம்பெற்றது.

இணைப் புழக்கம்

நாணய மாற்றத்தை ஒரே நாளில் முடிக்காமல், 1975 டிசம்பர் 31 வரை இரு நாணயங்களும் செல்லுபடியாகும் என வைத்தனர். மலைக்கு மலை பாதையில்லாத நாட்டில் இது தவிர்க்க இயலாதது. இந்த எட்டு மாத இடைக்காலம் குழப்பமின்றி நடப்பதற்கு இரண்டு தீர்மானங்கள் அடிப்படையாக இருந்தன. முதலாவது, ஒன்றுக்கு ஒன்று என்ற மாற்று மதிப்பு. கடைக்காரர் கணக்குப்போட வேண்டியதில்லை. விலைப்பட்டியலில் சென்ட் என்ற இடத்தில் டோயா என்று எழுதினால் போதும். இரண்டாவது, காசுகளின் அளவு. 1 முதல் 20 வரையான டோயாக் காசுகள் அதே மதிப்புள்ள ஆஸ்திரேலிய சென்ட் காசுகளின் விட்டத்தை ஏறத்தாழ அப்படியே பின்பற்றின. 20 டோயாவும் 20 சென்ட்டும் கையில் ஒன்றுபோலவே கனக்கும். கை பழகியதை மாற்றாமல், கண் காண்பதை மட்டும் மாற்றினர் எனலாம்.

திரும்பப் பெறப்பட்ட ஆஸ்திரேலியப் பணம் வீணாகவில்லை. மைய வங்கியிடம் வந்து சேர்ந்த ஒவ்வொரு டாலரும், புதிய நாட்டின் வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பாக மாறக்கூடியது. அதாவது, பானைகளில் கிடந்த வட்டியில்லாக் கடன் இப்போது திரும்பக் கேட்டு வாங்கப்பட்டது.

அண்டைத் தீவுகளுடன் ஒப்பீடு

மற்ற பசிபிக் தீவுகள் இவ்விடயத்தில் வெவ்வேறு வழிகளில் சென்றன. பிஜி விடுதலைக்கு முந்தைய ஆண்டான 1969இல் பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. காசின் ஒரு புறத்தில் அரசியின் முகமும், மறுபுறத்தில் யக்கோனா பானத்துக்கான தானோவா கிண்ணம், லாலி முரசு, தபுவா எனும் திமிங்கிலப் பல் போன்ற பிஜிப் பொருட்களும் இருந்தன. சாலமன் தீவுகள் 1977இல் தன் டாலரை வெளியிட்டு, 1978இல் விடுதலை பெற்றது. மேற்குச் சமோவா 1962இல் விடுதலை பெற்றும் 1967 வரை தாலா என்ற தன் நாணயத்துக்குக் காத்திருந்தது. தாலா என்பதும் டாலர் என்ற சொல்லின் சமோவ வடிவமே. கிரிபட்டி 1979இல் சொந்தக் காசு அடித்தாலும் நாணயமாக ஆஸ்திரேலிய டாலரையே வைத்துக்கொண்டது. நவூருவும் அவ்வாறே. வனுவாட்டு 1980இல் விடுதலை அடைந்தபின் வாட்டு, அதாவது கல், என்ற பெயரைச் சூட்டியது. விடுதலைக்கு முன்பே, அயல்சொல் கலவாத பெயரோடும் அரசியின் முகமில்லாத காசோடும் வந்தது பப்புவா நியூ கினியின் நாணயமே.

பிற்காலம்

1976இல் ஆஸ்திரேலியா தன் டாலரின் மதிப்பை 17.5 விழுக்காடு குறைத்தபோது, கினா முழுமையாக அதைத் தொடரவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு அவ்வாண்டில் முடிவுக்கு வந்து, கினா ஆஸ்திரேலிய டாலரை விட மதிப்பு மிக்கதாக இருந்தது. இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறாமல் காக்க மதிப்பை உயர்த்தியே வைத்திருந்த இக்கொள்கை "வன் கினாக் கொள்கை" எனப்பட்டது. இதனால் ஏற்றுமதிப் பயிர் வளர்ப்போரின் வருவாய் பாதிக்கப்பட்டது என்ற திறனாய்வும் உண்டு. பூகன்வில் பிரச்சினை முற்றி 1989இல் பங்குனா சுரங்கம் மூடப்பட்டபின் இக்கொள்கையைத் தாங்க இயலவில்லை. 1990இல் மதிப்பு குறைக்கப்பட்டது. 1994 அக்டோபர் 10 முதல் கினாவின் மதிப்பு சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. 2020களில் ஒரு கினா அரை ஆஸ்திரேலிய டாலரும் பெறுவதில்லை.

ஏழு பக்கங்களுடைய 50 டோயாக் காசு 1980இல், தென் பசிபிக் கலை விழாவை ஒட்டி வெளிவந்தது. விலைவாசி ஏறியதால் பயனற்றுப்போன 1, 2 டோயாக் காசுகள் 2007இல் செல்லாதவை ஆக்கப்பட்டன. 1 கினாக் காசு பின்னாளில் அளவில் சிறிதாக்கப்பட்டது. நடுவிலுள்ள துளையும் முதலைகளும் மாறவில்லை. கசெல் தீபகற்பத்தின் சந்தைகளில் கினாவுடன் தாபுவும் இன்றளவும் புழங்குகிறது.